இந்தப் பெயர் விற்பனைக்கு இல்லை

டோத்துனிடம் அறுபத்துமூன்று பெயர்கள் இருந்தன. எல்லாம் இணையதளப் பெயர்கள்; நைஜீரியாவில் அவன் இருந்த இபாதான் நகரத்தை ஒட்டியவை. இபாதான் தண்ணீர் லாரி, இபாதான் பல் வைத்தியர், பொடிஜா வாடகை வீடு, இபாதான் அஷோ எபி என்று, ஊரில் யார் எதைத் தேடினாலும் முதலில் வந்து விழும்படியான பெயர்களாகப் பார்த்துப் பார்த்துப் பதிந்து வைத்திருந்தான். மொக்கோலா பேட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், வருகிறவர்கள் என்னென்ன தட்டித் தேடுகிறார்கள் என்று முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தே சேர்த்தவை. பார்க்கக் கூடாததுதான். ஆனால் கடைக்காரன் கண்ணைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பான்?

எல்லார் கையிலும் ஃபோன் வந்ததும் சென்டரை மூடினான். நாற்காலிகளை ஒரு சர்ச் வாங்கிக்கொண்டது. கம்ப்யூட்டர்களைப் பழைய இரும்புக்காரன் எடை போட்டுக் கொண்டுபோனான். பெயர்கள் மட்டும் மிஞ்சின. நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்று ஆறு வருஷம் காத்திருந்தான். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"ஊருக்கெல்லாம் பேர் வெச்சிருக்கீங்க சிமியப்பா. அதுல ஒண்ணாவது நமக்குச் சோறு போடுதா?" என்பாள் மனைவி யேவாண்டே; பிள்ளை சிமியின் பெயரை வைத்துத்தான் அவனைக் கூப்பிடுவாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அவள் கேட்டதில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் உறைத்தது.

யோசனை வந்தது தெருமுனைக் காலிமனையைப் பார்த்து. மனைக்காரர் லாகோஸில் இருந்தார். வீடு கட்டக் கையில் பணம் சேரும்வரை மனையை டயர் பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் கூடாரம் அடித்து ஒரு ஜெபக்கூட்டம் நடக்கும். அதற்குத் தனி வாடகை. நிலத்தை இப்படி விடலாம் என்றால் பெயரை ஏன் விடக் கூடாது? மறுநாளே, வெப்சைட் செய்து கொடுக்கும் பையன்கள் அடைந்து கிடக்கிற மூன்றாவது மாடிக்குப் போய்க் கடை விரித்தான். "உங்க கஸ்டமருக்கு நீங்க புதுப் பேர் தேடி அலைய வேண்டாம். எங்கிட்ட வயசான பேர் இருக்கு, தேடினா மேலயே வரும். மாசா மாசம் வாடகை. நீங்க சைட்டைக் கட்டுங்க, பேர் என்னோடது."

முதலில் சிரித்தார்கள். ஒரு வருஷத்தில் பதினொரு பெயர்களில் ஆள் குடியேறிவிட்டது. பெயரின் சாவி எப்போதும் டோத்துனிடமே இருக்கும். ஒரு பெயரைத் தட்டுகிறவர்கள் எந்தக் கடை வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதை, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரே ஒரு வரியை மாற்றித் திருப்பிவிட அவனால் முடியும். யேவாண்டேக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தான். அவள் கேட்கவில்லை, அவளுக்குத் தைக்கவும் நேரம் இல்லை, ஆனால் தன் காசில் ஏதாவது வாங்கிப் போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

முதல் குடித்தனக்காரன் டாப்போ. வாய் நிறைய "அண்ணா, அண்ணா" என்று கூப்பிடுவான். அவன் எடுத்தது இபாதான் அஷோ எபி. கல்யாணத்துக்கு வருகிற சொந்தபந்தம், சிநேகிதம் எல்லாரும் ஒரே துணியில் தைத்து உடுத்தி வந்து நிற்பதுதான் அஷோ எபி. அது இல்லாவிட்டால் கல்யாணம் கல்யாணமாகவே சேர்த்தி இல்லை. பாகி துணிச் சந்தையில் பெரிய கடை வைத்திருந்த, ஹஜ் போய் வந்த அல்ஹாஜா சிதிக்காத் என்ற அம்மாளுக்கு டாப்போ அந்தப் பெயரில் சைட் கட்டிக் கொடுத்தான். வெளியூர் விருந்தாளிகள் அதிலேயே துணியைப் பார்த்து, கஜத்தைச் சொல்லி, பணத்தை அனுப்பிவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டோத்துன் அமலாக் களியைப் பிய்த்து எவெடுக் கீரைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தபோது யேவாண்டே ஃபோனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது உங்க பேர்தானே?"

அல்ஹாஜா தன் கடைச் சுவரைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். தங்க நிறக் கரை, கீழே முத்திரை. 'இபாதான் அஷோ எபி என்னும் பெயர் முழு உரிமையுடன் அல்ஹாஜா சிதிக்காத் அவர்களுக்கு விற்கப்பட்டது.' கையெழுத்து, டாப்போ.

டோத்துன் டாப்போவைக் கூப்பிட்டான். ஃபோன் அணைந்திருந்தது. அவனோடு ஒரே அறையில் வேலை பார்த்த பையனைக் கூப்பிட்டான்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியாதா? அவன் கனடா போய் எட்டு நாள் ஆச்சே! ஃப்ரிட்ஜ், ஜெனரேட்டர், சோஃபான்னு மொத்தத்தையும் வித்துட்டுத்தான் ஃப்ளைட் ஏறினான். நான்கூட மைக்ரோவேவ் எடுத்தேன். நல்லா சூடாகுது."

நாட்டை விட்டுப் போகிறவர்கள் வீட்டிலிருப்பதையெல்லாம் விற்றுவிட்டுப் போவது வழக்கம். டாப்போ தன்னுடையதையெல்லாம் விற்று முடித்து, அது போதாதென்று டோத்துனுடையதையும் விற்றிருந்தான்.

டோத்துனுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. கை கழுவக்கூட இல்லை. "ரெண்டு பேரும் கூட்டு. ஒரு கஜத் துணிக்கு ஒன்பது தடவை பேரம் பேசுற பொம்பளை, யாரோட பேர்னு கேக்காமலா வாங்கியிருப்பா?"

"தெரிஞ்சு வாங்கினவங்க ஃபிரேம் போட்டு மாட்டுவாங்களா?" என்றாள் யேவாண்டே. "பாகி என்ன, கனடாவிலயா இருக்கு? டாக்ஸியில அரைமணி நேரம். போய்ப் பாத்துப் பேசுங்க முதல்ல."

"பாத்து என்னத்தப் பேச? எல்லாரும் சேந்து என்னை இளிச்சவாயன்னு நெனச்சுட்டாங்க!"

பதில் இல்லாதவன் செய்வதைத்தான் அவனும் செய்தான்: குரலை உயர்த்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தான்.

இபாதானில் எந்தத் தெருவில் நடந்தாலும் நாலு சுவரில் ஒன்றிலாவது பெரிய சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும்: 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை. 419 ஜாக்கிரதை.' மோசடிக்காரனை நாம் 420 என்கிறோம். அவர்களுக்கு ஒன்று குறைவு. சொந்தக்காரர் ஒரு மாதம் வெளியூர் போனால் போதும், எவனாவது சாவியோடு வந்து நின்று அந்த வீட்டை மூன்று பேருக்கு விற்றுவிடுவான். அதனால் வீடு கட்டியவன் வர்ணம் பூசுகிறானோ இல்லையோ, இந்த இரண்டு வரியைப் பூசிவிடுவான். டோத்துன் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த எழுத்து அது. சொத்துக்கு ஆபத்து வந்தால் செய்ய வேண்டியது இதுதான் என்று அவன் கைக்கே தெரியும்.

பெயரை அல்ஹாஜாவின் சைட்டிலிருந்து திருப்பினான். அங்கே புதிதாக ஒரே ஒரு பக்கம். சிவப்புத் தரை, வெள்ளை எழுத்து: 'இந்தப் பெயர் விற்பனைக்கு இல்லை. 419 ஜாக்கிரதை.' கடை, துணி, விலை எதுவும் இல்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, மிச்ச அமலாவைச் சாப்பிட வந்தான். அது ஆறிப்போய்க் கட்டியாகிவிட்டிருந்தது.

மடையன். சுவரில் எழுதினால், வீட்டை வாங்க வருகிறவன் படித்துவிட்டுத் திரும்பிப் போவான். இந்தப் பக்கத்துக்குப் பெயரை வாங்கவா ஆள் வருகிறது? கல்யாணத்துக்குத் துணி வாங்க வருகிறார்கள். அல்ஹாஜாவின் கடையைத் தேடி வந்தவர்கள், கடை இருந்த இடத்தில் மோசடி ஜாக்கிரதை என்பதைப் பார்த்தால் யாரை மோசடி என்று எடுத்துக்கொள்வார்கள்? இந்தச் சின்ன விஷயம் அவனுக்கு அன்று எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கேட்டைத் தட்டினார் அல்ஹாஜா சிதிக்காத். அறுபது வயது, கனத்த சரீரம், தலையில் வெள்ளைத் துணி. கக்கத்தில் அந்தச் சான்றிதழ், சட்டத்தோடு.

"நீதான் டோத்துனா? மைக்ரோவேவ் வாங்கின பையன் அட்ரஸ் குடுத்தான்."

டோத்துன் பனியனோடு நின்றான். "உள்ள வாங்க, அல்ஹாஜா."

"உக்காந்து பேச வரல. நாப்பது வருஷமா பாகியில கடை வெச்சிருக்கேன். அளவுல ஒரு விரல் குறைச்சேன்னு ஒருத்தி சொன்னதில்ல. முந்தாநாள்ல இருந்து முந்நூறு பேர் என்னைத் திருடிங்கிறாங்க. அதை நீ எழுதினியா?"

விஷயம் இதுதான். ஒலத்தோயே குடும்பத்துப் பெண்ணுக்கு வருகிற சனிக்கு அடுத்த சனி கல்யாணம். பத்திரிகையிலேயே 'துணிக்கு' என்று போட்டு அந்தப் பெயரை அச்சடித்துவிட்டார்கள். லாகோஸ், அபூஜா, லண்டன் என்று சொந்தங்கள் துணி எடுக்கப் போனால் சிவப்புப் பக்கம். ஒருத்தர் அதைப் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட, பத்து நிமிஷத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெண்ணின் அம்மா நேற்றுக் கடைக்கு ஆள் அனுப்பி, துணி வேண்டாம், கட்டிய பணம் மொத்தமும் திரும்ப வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"ஆயிரத்தைந்நூறு கஜம் லேஸ் வந்து எறங்கியிருக்கு. வெங்காயத்தோல் நெறம். அந்தக் கல்யாணத்துக்குன்னே சொல்லி வரவழைச்சது. இன்னொரு கல்யாணத்துக்காரி அதைத் தொடுவாளா? அது போனா போகட்டும். என்னை இனிமே யார் நம்பித் துணி கேப்பாங்க?"

"அல்ஹாஜா, ஏமாத்தினது டாப்போ. அந்தப் பேர் என்னோடது. அவனுக்கு வாடகைக்குத்தான்..."

"டாப்போ என்னை ஏமாத்தினது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். நீ எழுதினது லண்டன் வரைக்கும் தெரியும்."

டோத்துன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, அவர் பார்க்கப் பார்க்கப் பெயரைப் பழையபடி கடைப் பக்கம் திருப்பினான். சிவப்பு போய் லேஸ் படங்கள் வந்தன. "இப்ப சரியாயிடுச்சு, பாருங்க."

"நடுத்தெருவுல என் துணியை உருவிட்டு, திரும்பக் குடுத்துட்டேன்ங்கிற. பாத்தவன் மறந்துடுவானா? கிளம்பு. ஒலத்தோயே வீட்டுக்கு வந்து உன் வாயால சொல்லு."

உள்ளேயிருந்து யேவாண்டே இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியும் கொண்டுவந்து நீட்டினாள். "போட்டுக்கிட்டுப் போங்க. மன்னிப்புக் கேக்கப் போறப்ப பனியனோடவா?"

ஒலத்தோயே வீட்டுக் கூடத்தில் பெண்ணின் அம்மாவும் அவருடைய தங்கைகள் இருவரும் உட்கார்ந்து பரிசுப் பொருட்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். திருமதி ஒலத்தோயே கோர்ட்டில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். டோத்துன் நேரே போய், பெரியவர்களிடம் செய்ய வேண்டிய முறைப்படி, நெஞ்சு தரையில் படக் குப்புற விழுந்தான்.

"அம்மா, அதை எழுதினது நான். அல்ஹாஜா மேல ஒரு தப்பும் இல்ல."

"எழுந்திரு, எழுந்திரு," என்றார் திருமதி ஒலத்தோயே, பையைக் கீழே வைக்காமலே. "தரையில விழுந்தவனையெல்லாம் நம்பியிருந்தா இந்த ஊர்ல ஒரு ஜெயிலும் கட்டியிருக்க மாட்டாங்க. அல்ஹாஜா, இந்த ஆளை எவ்வளவு பேசிக் கூட்டிட்டு வந்தீங்க?"

தங்கைகள் சிரித்தார்கள். அல்ஹாஜாவின் முகம் இறுகிப்போனது. தன் கடையில் உட்கார்ந்து ராணி மாதிரி பேசுகிற மனுஷி, இங்கே தலையைக் குனிந்து நின்றார்.

டோத்துன், டாப்போவோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினான்.

"பேப்பரா? அல்ஹாஜாகிட்டயும்தான் ஒரு பேப்பர் இருக்கு. உன்னுதைவிட அழகா இருக்கு, தங்கக் கரையெல்லாம் போட்டு."

டோத்துன் எழுந்து உட்கார்ந்து ஃபோனை எடுத்தான். "அம்மா, நீங்களே ஏதாவது சொல்லுங்க. நீங்க சொல்றதை அந்தப் பேர்ல இப்பவே வரவெக்கிறேன். பேரோட சாவி இல்லாதவனால அது முடியாது. அப்ப நம்புவீங்களா?"

திருமதி ஒலத்தோயே முதன்முறையாக அவனை நேராகப் பார்த்தார். பையை வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கோர்ட்டில் வாக்குமூலம் எழுதவைக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எழுது. 'மொக்கோலாவில் வசிக்கும் டோத்துன் அகின்வாண்டே ஆகிய நான், இந்த இடத்தில் மோசடி என்று எழுதியவன். அல்ஹாஜா சிதிக்காத் நாணயமானவர். அவரைக் கேட்காமல், விசாரிக்காமல் எழுதியது என் குற்றம்.' எழுதியாச்சா? உன் ஃபோன் நம்பரைப் போடு. மூஞ்சியையும் போடு. ஃபுன்மி, இவனை ஒரு ஃபோட்டோ எடு."

தங்கை எடுத்த படத்தில் அவன் கண் பாதி மூடியிருந்தது. இன்னொன்று எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

நம்பரை அடிக்கும்போது அவன் விரல் நின்றுவிட்டது. மிச்சம் பத்துப் பெயர்களில் குடியிருக்கிற பையன்கள் இதைப் பார்ப்பார்கள். நினைத்தால் ஒரே மத்தியானத்தில் கடையைச் சிவப்பாக்கிவிடுகிறவன் என்று தெரிந்த பிறகு எவன் இவனிடம் பெயர் எடுப்பான்? ஆறு வருஷம் சும்மா கிடந்து இப்போதுதான் கண் திறந்த பிழைப்பு. அல்ஹாஜா பக்கத்திலேயே நின்றார். டோத்துன் நம்பரை அடித்தான்.

நெட்வொர்க் இழுத்தடித்தது. நாலு பெண்களும் அவனும் ஒரு ஃபோனைச் சுற்றிக் காத்திருந்தார்கள். கடைசியில் லண்டனிலிருந்து பெண்ணின் அத்தை கூப்பிட்டார். "யாருடி அது அரைத்தூக்கத்துல ஒரு மூஞ்சி? துணிக்கடையில என்ன பண்றான்?"

திருமதி ஒலத்தோயே அப்போதுதான் சிரித்தார். அல்ஹாஜாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். "துணி உங்ககிட்டயேதான், அல்ஹாஜா. நான் அவசரப்பட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க." டோத்துன் பக்கம் திரும்பினார். "இது கல்யாணம் முடியற வரைக்கும் கடைக்கு மேல அப்படியே இருக்கணும். ஒரு எழுத்து மாறினா நான் பழைய கோர்ட் ஆளுங்களைக் கூப்பிடுவேன்."

பதினொரு நாள் அது இருந்தது. பதினொரு நாளும் ஃபோன் ஓயவில்லை. முன்பின் தெரியாதவர்கள் திட்டினார்கள். ஒரு பாஸ்டர் ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். ஒரு கிழவர் திட்டுவதற்கென்றே தினமும் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டார். மூன்றாவது மாடிப் பையன்களில் நாலு பேர் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "உங்க மேல மரியாதை இருக்குண்ணா. ஆனா நீங்க சாப்பாட்டுல பாதியில எழுந்தா எங்க கஸ்டமர் என்ன ஆவான்னு பயமா இருக்கு," என்றான் மைக்ரோவேவ் பையன். சாப்பாட்டில் பாதியில் எழுந்தது வரை இவன் காதுக்கு வந்திருந்ததால், யேவாண்டே ஆஸ்பத்திரியில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டாள் என்பது தெரிந்தது.

கல்யாணம் நடந்தது. வெங்காயத்தோல் நிறத்தில் கூடம் நிறைந்திருந்த படங்களை யேவாண்டே காட்டினாள். ஆனாலும் லண்டன்காரர்களில் பாதிப் பேர் முதல் நாளே பயந்துபோய் வேறு எங்கோ கிட்டத்தட்ட அதே நிறத்தில் வாங்கிவிட்டார்கள். அல்ஹாஜா கடையில் இருநூறு கஜம் தங்கிவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது டோத்துன் சொன்னான், "அந்தப் பேரை அவங்களுக்கே எழுதிக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

"குடுத்துடுங்க," என்றாள் யேவாண்டே. "காசு ஏற்கெனவே குடுத்துட்டாங்க, தப்பான ஆள்கிட்ட. அவ்வளவுதானே?"

திங்கட்கிழமை பாகி சந்தைக்குப் போனான். அல்ஹாஜா கடையின் மூலையில் அந்த லேஸ் சுருள் சுருளாகச் சாய்ந்து நின்றது. அவன் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டான். அல்ஹாஜா ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். டோத்துன் லேப்டாப்பைத் திறந்து, பெயரை மாற்றிக் கொடுக்கிற பக்கத்துக்கு வந்தான்.

"இதை முடிச்சா இது என்னுது. அப்படித்தானே?"

"உங்களுதுதான் அல்ஹாஜா. என் கை அதுல இருக்காது. சாவி உங்ககிட்ட."

"எனக்கப்புறம் என் மகளுக்கு?"

"அவங்களுக்குத்தான். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிச்சுட்டு வரணும், அது ஒண்ணுதான்."

துணி மடித்துக்கொண்டிருந்த அல்ஹாஜாவின் கை நின்றது. "யாருக்குக் கட்டணும்?"

"பதிவு பண்ற கம்பெனிக்கு."

"கட்டலேன்னா?"

"கொஞ்ச நாள் பொறுப்பாங்க. அப்புறம் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"யார் வேணும்னாலும்னா, உன்னையும் என்னையும் தெரியாத ஒருத்தன் கூடவா?"

"ஆமா."

அல்ஹாஜா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "நீயும் இத்தனை வருஷம் அப்படித்தான் கட்டி வெச்சிருந்தியா?"

"ஆமா, அல்ஹாஜா."

"அப்ப நீயும் வாடகைக்குத்தான் இருந்திருக்க," என்றார். குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நான் என்னவோ வீட்டுக்காரன்தான் வந்து கத்தறான்னு நெனச்சேன். ஒரு குடித்தனக்காரனா என்னைத் திருடின்னு எழுதினான்?"

திரை புதிய சொந்தக்காரரின் பெயரைக் கேட்டுக் காத்திருந்தது. அல்ஹாஜா நிறுத்தி நிறுத்தி எழுத்துக்களைச் சொன்னார், டோத்துன் குனிந்துகொண்டே அடித்தான். ஒலத்தோயே வீட்டுத் தரையில் நாலு பெண்களுக்கு முன்னால் குப்புறக் கிடந்தபோதுகூட அவனுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.